முதலாளி சொன்னதாக லோர்னா எழுதியது

லோர்னா கோவல்சுக் முதல் நாள் வகுப்புக்கு வரும்போதே என் கதவிடம் மன்னிப்புக் கேட்டாள். கனமான கதவு, தானாகச் சாத்திக்கொள்ளும். அவள் தோளில் இடித்தது. "ஸாரி" என்றாள் கதவைப் பார்த்து. அப்புறம் தாமதமாக வந்ததற்கு என்னிடம், பையை நகர்த்தச் சொன்னதற்குப் பக்கத்து நாற்காலிப் பையனிடம். ஈரமான பூட்ஸ் தரையில் தடம் போட்டதற்கு யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை, தரையிடமாகத்தான் இருக்கும். எங்கள் ஊரில் எல்லோருமே இப்படித்தான். கடையில் தூணில் முட்டிக்கொண்டால் நானும் தூணிடம் ஸாரி சொல்கிறவள்தான். ஆனால் நான் கற்றுக்கொடுக்கும் தொழில், அந்த ஒரு சொல் நிறுவனத்தின் வாயிலிருந்து வந்துவிடாமல் காவல் காக்கிற தொழில். இவளை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க மாரடிக்க வேண்டியிருக்கும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

என் பெயர் பெர்னடெட் மகைசாக். எல்லோருக்கும் பெர்னி. நிருபராக இருந்தேன், பத்திரிகையை மூடிவிட்டார்கள். நிறுவனங்களுக்கு அறிக்கை எழுதினேன், அலுத்துப்போனது. இப்போது கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஒரு கல்லூரியில் 'நிறுவனத் தொடர்பும் மக்கள் தொடர்பும்' என்ற முதுநிலைச் சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறேன். பட்டம் வாங்கிவிட்டு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்கள் வந்து சேர்கிற படிப்பு. ஜனவரியில் தொடங்கி எட்டு மாதம் வகுப்பு, பிறகு ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சிப் பணி. பயிற்சி முடிந்ததும் அந்த நிறுவனம் 'தேறினார்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாப் பாடத்திலும் முதலாவதாக வந்திருந்தாலும் சான்றிதழ் கிடையாது.

லோர்னாவுக்கு நாற்பத்தாறு வயது. ஹார்ட்வெல் என்கிற சிறிய ஏரிக்கரை ஊர்க்காரி. அப்பா நகராட்சியில் பனி அள்ளும் லாரி ஓட்டினவர். இவள் சரித்திரத்தில் பட்டம் வாங்கினாள், சரித்திரம் வேலை தரவில்லை. எல்லாச் சாமானும் விற்கிற ஒரு பெரிய கடையில், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் போய் உட்கார்ந்தாள், கடை இழுத்து மூடப்படும் வரை அங்கேயே இருந்தாள். கிழிந்த கோட்டையும் புகைந்த ரொட்டி டோஸ்டரையும் தூக்கிக்கொண்டு கோபத்தோடு வருகிறவர்களிடம் ஸாரி சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்தவள். கடை போனதும் வேலை தேடி அலைந்து, ஹார்ட்வெல்லில் சாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் விசாரித்திருக்கிறாள். அவர்களுக்கு அறிக்கையும் நன்கொடைக் கடிதமும் எழுத ஆள் தேவை. "எங்களுக்கு உங்களப் பிடிச்சிருக்கு, ஆனா இந்தச் சான்றிதழ் இல்லாம எடுக்க முடியாது. அடுத்த ஜனவரிக்குள்ள கொண்டுவாங்க, இடத்தை வெச்சிருக்கோம்" என்று சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் ஊதா நிறக் குளிர்கோட்டும், வகுப்பு முழுவதற்குமாக ஒரு டப்பா பட்டர் டார்ட் என்கிற வெண்ணெய்ப் பலகாரமுமாக என்னிடம் வந்து சேர்ந்தாள். பட்டர் டார்ட் அருமையாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

நெருக்கடி அறிக்கைப் பாடத்தில்தான் எங்களுக்குள் மோதல் ஆரம்பித்தது. கற்பனையாக ஒரு சம்பவம் கொடுத்தேன்: ஒரு கம்பெனி செய்த குழந்தைக் கட்டிலின் கால் உடைந்துவிட்டது, அறிக்கை எழுதுங்கள். மற்றவர்கள் முத்து முத்தாக எழுதினார்கள். 'வாடிக்கையாளர்கள் சிலருக்கு ஏற்பட்ட அனுபவம் எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. இதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொள்கிறோம்.' பட்டும் படாமல், யார் மேலும் ஒட்டாமல். லோர்னா எழுதியது இது: 'கட்டில் கால் சரியில்லை. எங்கள் தப்பு. கொண்டுவாருங்கள், வேறு தருகிறோம்.'

"லோர்னா, இது அறிக்கை இல்ல. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கற வாக்குமூலம்" என்றேன்.

"ஸாரி பெர்னி. ஆனா கால் ஒடஞ்சது நெஜம்தானே?"

"நெஜமா இல்லையான்னு வக்கீல் சொல்லுவார்."

"வக்கீல் கட்டிலைப் பாத்தாரா?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப மன்னிப்பே கேக்கக் கூடாதா?" என்றாள்.

"தாராளமா கேக்கலாம். யாரு கேக்கறாங்க, யார்கிட்ட, எதுக்குன்னு மட்டும் தெரியக் கூடாது."

இத்தனைக்கும் எங்கள் மாகாணத்தில் அதற்கென்று ஒரு சட்டமே இருக்கிறது. மன்னிப்புக் கேட்டதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கோர்ட்டில் காட்ட முடியாது. அதையும் நானே பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுத்துவிட்டு, அப்படியும் கேட்காதே என்றும் சொல்லிக்கொடுக்கிறேன், ஏனென்றால் எந்த வக்கீலும் அந்தச் சட்டத்தை நம்புவதில்லை. இப்படி ஒரு பிழைப்பு.

போகப் போக ஒரு ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. நான் கற்றுக்கொடுத்தபடியே அவள் பூசி மெழுகி எழுதுவாள், நடுவில் எங்கேயாவது ஒரே ஒரு நிஜமான வாக்கியத்தை வைப்பாள். நான் அதைத் தேடிப் பிடித்து வெட்டுவேன். அவள் ஸாரி சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொள்வாள். எட்டு மாதம் இதே கதை. எழுதுவது அவள் பாடு, வெட்டுவது மற்றவர்கள் பாடு என்று அவள் மனதில் பதிந்துபோனதை நான் கவனிக்கவில்லை.

பயிற்சிப் பணிக்கு அவளை ஹார்ட்வெல்லிலேயே ஒரு பள்ளிப் பேருந்து கம்பெனிக்கு அனுப்பினேன். அங்கே தொடர்புத் துறைக்குத் தலைவி கேண்டஸ் விட்லாக், என் பழைய மாணவி, அவள் வருஷத்தில் முதல் இடம். நான் சொன்ன எதையும் மறக்காதவள், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். கம்பெனி முதலாளி டெரிக் ஹன்னிஃபோர்ட். அப்பா விட்டுப்போன மஞ்சள் பேருந்துகளை நாலு மடங்காகப் பெருக்கியவர், அறுபது வயசு, மரியாதையான மனிதர். குளிர்காலத்தில் அவரைப் பிடிக்க வேண்டுமானால் கர்லிங் விளையாடும் பனித்தளத்துக்குத்தான் போக வேண்டும், கல்லைப் பனியில் வழுக்கவிட்டு அதன் வழியைத் துடைப்பத்தால் தேய்க்கிற ஆட்டம் அது. செப்டம்பரிலிருந்து லோர்னா அங்கே ஒழுங்காகத்தான் வேலை பார்த்தாள். கேண்டஸ் போனில், "பரவாயில்ல, சொன்னதக் கேக்கறாங்க. வாசல்ல நிக்கற ஓட்டுநருங்ககிட்டல்லாம் ஸாரி சொல்லிட்டே போறாங்க, அது ஒண்ணுதான்" என்றாள். நான் நிம்மதியாக இருந்தேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் பெரிய பனி கொட்டியது. அன்று மாலை ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பள்ளிக்குக் கடைசிப் பேருந்து வரவேயில்லை. ஓட்டுநர் காய்ச்சல் என்று காலையிலேயே போன் செய்துவிட்டார். பதிலுக்கு ஆள் போட வேண்டியதை அலுவலகத்தில் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் விஷயம். பள்ளியைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பதினோரு பிள்ளைகள் வெளியே பனியில் இருட்டும்வரை நின்றார்கள். கம்பெனிக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. கடைசியில் பனி அள்ள வந்த லாரிக்காரர் பார்த்து ஏற்றிக்கொண்டார். ஒரு சின்னப் பெண்ணுக்குக் காது குளிரில் வெளுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. நல்லவேளை, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அறிக்கை விட வேண்டும். கேண்டஸ் இதற்கெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாள், இடத்தையும் தேதியையும் நிரப்பினால் போதும். 'கடும் வானிலை காரணமாகச் சில வழித்தடங்களில் தாமதம் ஏற்பட்டது. குழந்தைகளின் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை.' நிரப்புகிற வேலை லோர்னாவுடையது. கேண்டஸ் தன் மகனைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போகும் அவசரத்தில், "நாலாவது பத்தியில டெரிக்கோட மேற்கோள் ஒண்ணு வேணும். அவர்கிட்ட வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

எங்கள் தொழிலில் 'மேற்கோள் வாங்கிக்கொள்' என்றால் என்ன அர்த்தம் என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீயே எழுது, முதலாளி சொன்னதாகப் போடு, அவரிடம் காட்டித் தலையாட்டல் வாங்கு என்று அர்த்தம். செய்தித்தாளில் எந்த முதலாளியாவது 'மிகுந்த மகிழ்ச்சியும் பெருமிதமும் அடைகிறேன்' என்று சொன்னதாகப் படித்தால், அந்த மகிழ்ச்சியும் பெருமிதமும் அடைந்தது சம்பளத்துக்கு எழுதுகிற ஏதோ ஒரு பெண். இதையும் நான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் லோர்னா கேண்டஸ் சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு டெரிக்குக்குப் போன் செய்தாள். அவர் பனித்தளத்தில், கையில் துடைப்பத்தோடு.

"மேற்கோளா? நான் என்னிக்குச் சொல்லியிருக்கேன்? நீங்களே எழுதுங்கம்மா, ஒரு நல்ல மனுஷன் என்ன சொல்லுவானோ அத எழுதுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரு நல்ல மனுஷன் என்ன சொல்லுவான் என்பது லோர்னாவுக்குத் தெரியும். எழுதினாள்.

'தப்பு எங்களுடையது. பனியின் மேல் பழி போட மாட்டேன். அன்று மாலை அந்தப் பிள்ளைகளை அழைத்துவர நாங்கள் யாரையும் அனுப்பவில்லை. இந்த வாரம் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நானே வந்து இதைச் சொல்வேன். மன்னித்துவிடுங்கள் என்கிறார் டெரிக் ஹன்னிஃபோர்ட்.'

எழுதி, ஒப்புதலுக்காகச் சுற்றுக்கு அனுப்பினாள். வக்கீல் வானிலைப் பத்தியைப் பார்த்து 'கடும்' என்பதை 'மிகக் கடும்' ஆக்கினார். போக்குவரத்து மேலாளர் மணியைத் திருத்தினார். கேண்டஸ் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, கம்பெனிப் பெயரில் எழுத்து சரியா என்று பார்த்தாள். நாலாவது பத்தியை யாரும் தொடவில்லை. அது மேற்கோள் குறிக்குள் இருந்தது. முதலாளி சொன்னதை நாம் எப்படித் திருத்துவது என்று எல்லோருக்கும் மரியாதை. கடைசியில் டெரிக்குக்குப் போனது. எல்லோரும் சரி என்று சொல்லியிருக்கிறார்களே என்று அவர் திறந்துகூடப் பார்க்காமல் 'சரி' என்று பதில் அனுப்பிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டார். இந்த ஐந்து பேரில் அறிக்கையை முழுக்கப் படித்தவள் லோர்னா ஒருத்திதான். வானிலை காரணம் என்று இரண்டாவது பத்தி சொல்கிறது, பனியின் மேல் பழி போட மாட்டேன் என்று நாலாவது பத்தி சொல்கிறது. அது யார் கண்ணிலும் படவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகை மேற்கோளை முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டது. வானொலியில் காலை முழுக்க அதே பேச்சு. கம்பெனிக்குப் போன் மேல் போன், ஆனால் திட்டுவதற்கு இல்லை. எங்கள் வீட்டுக்கு முதலாளி எந்தக் கிழமை வருகிறார், நாங்கள் வீட்டில் இருக்க வேண்டுமா என்று கேட்டார்கள்.

எனக்கு முதலில் போன் செய்தது கேண்டஸ். "பெர்னி, உங்க ஆளு என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா?"

"நீ படிச்சுப் பாத்துத்தானே அனுப்பின?"

"அது மேற்கோள் குறிக்குள்ள இருந்தது, பெர்னி."

அந்த விளக்கம் எனக்குப் புரிந்ததுதான் கொடுமை.

லோர்னாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். "உன்ன யாரு இப்படி எழுதச் சொன்னா?"

"அவர்தான் பெர்னி. நல்ல மனுஷன் சொல்ற மாதிரின்னார்."

"அதுக்காக வீடு வீடா வருவேன்னா எழுதுவ?"

"ஸாரி. யாராவது வெட்டிடுவாங்கன்னு நெனச்சேன். எப்பவும் யாராவது வெட்டுவீங்களே."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அறிக்கையைத் திரும்பப் பெறலாமா என்று வக்கீல் கேட்டாராம். கேண்டஸே முடியாது என்று சொல்லிவிட்டாள். கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்குவது, கேட்காமல் இருந்ததைவிட நூறு மடங்கு மோசம். நான் சொல்லிக்கொடுத்ததுதான். எனவே டெரிக் போயாக வேண்டும். எழுதினவளும் கூட வரட்டும் என்றார். அத்தோடு விட்டாரா? எனக்கும் போன் வந்தது.

"உங்க காலேஜ் பண்ணின வேலைதானே இது? நீங்களும் வாங்க. உங்க கார்லயே போலாம். என் கம்பெனி வண்டில போய் எறங்கினா எந்த வீட்லயாவது கல்லெறிவாங்க."

சனிக்கிழமை காலை, திருத்த வேண்டிய விடைத்தாள்களை வீட்டில் போட்டுவிட்டு, ஒரு பேருந்து முதலாளிக்குக் காரோட்டியாகக் கிளம்பினேன். பக்கத்தில் டெரிக், நல்ல கோட், சவரம் செய்த முகம், கையில் மடித்த தாள். பின்னால் லோர்னா, மடியில் பட்டர் டார்ட் டப்பா.

"அத எதுக்குக் கொண்டுவந்த?" என்றேன்.

"வெறுங்கையோட எப்படிப் போறது?"

"அந்த டப்பாவ எடுத்துட்டு நீ எறங்கினேன்னா, உன்ன இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்."

முதல் வீடு வான்டர்வீன் குடும்பத்துடையது, காது வெளுத்த பெண்ணின் வீடு. அவர்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள், நான் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காரிலேயே இருந்தேன். டெரிக் படியேறும்போது அங்கே சாத்தியிருந்த பனிமண்வெட்டியைத் தட்டிவிட்டார். "ஓ, ஸாரி." மணியடித்தார். நாய் குரைத்தது. நாயிடம் ஸாரி. கதவைத் திறந்த ஷானன் வான்டர்வீனிடம், சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டேனோ, ஸாரி. மிதியடியில் பனி கொட்டிவிட்டது, ஸாரி. ஒரே வாசலில் இத்தனை ஸாரி நான் கேட்டதில்லை. வந்த காரியத்துக்கு மட்டும் ஒன்று வரவில்லை. தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

"தப்பு எங்களுடையது. பனியின் மேல்..."

"அத உள்ள வைங்க" என்றாள் ஷானன். "நான்தான் பேப்பர்ல படிச்சேனே. இப்ப நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

டெரிக் தாளை மடித்தார். திரும்பி லோர்னாவைப் பார்த்தார். வருஷக்கணக்காக யாராவது எழுதிக் கொடுத்தே பழகிப்போன மனிதரின் பார்வை அது. எங்கள் படிப்பில் இந்த இடத்தில் முதலாளியின் காதில் ஒரு வரி சொல்ல வேண்டும். லோர்னா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லித் தொலையேன் என்று நான் காருக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

டெரிக் தாளைக் கோட்டுப் பைக்குள் செருகினார். "அன்னிக்கு வேற ஓட்டுநர் போடல. மறந்துட்டோம். உங்க பொண்ணு குளிர்ல நின்னப்ப நான் கர்லிங் ஆடிட்டிருந்தேன். மன்னிச்சிடுங்க."

ஷானன் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அந்தச் சின்னப் பெண் காதில் கட்டோடு வந்து நின்று, "நீங்கதான் பஸ்ஸா?" என்று கேட்டது.

"ஆமா. நான்தான்" என்றார் டெரிக்.

அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் போனோம். தாள் அவர் பையைவிட்டு வெளியே வரவேயில்லை. ஒரு வீட்டில் மூஞ்சியில் அடித்தாற்போலக் கதவைச் சாத்தினார்கள். அவர் சாத்திய கதவிடமே சொல்லிவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில் காபி கொடுத்தார்கள், அவர்களுக்கு லோர்னா எனக்குத் தெரியாமல் பட்டர் டார்ட் கொடுத்துவிட்டாள். திரும்பும்போது நான் இதோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

எங்கே விட்டது. வக்கீலும் காப்பீட்டுக்காரர்களும் கேண்டஸைக் குடைந்திருக்கிறார்கள், இது எப்படி வெளியே போயிற்று என்று. யார் தலையாவது உருள வேண்டும். கேண்டஸ் பயிற்சி மதிப்பீட்டில் எழுதி அனுப்பினாள்: 'முதலாளிக்குத் தெரியாமல் அவர் பெயரில் சொற்களை வெளியிட்டார். தேறவில்லை.'

தேறவில்லை என்றால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லை என்றால் ஜனவரியில் அந்த இல்லத்தில் இடம் இல்லை. அடுத்த வருஷம் மறுபடி பயிற்சி செய்யலாம், ஆனால் இல்லத்துக்காரர்கள் அதுவரை காத்திருக்கப் போவதில்லை. நான் கேண்டஸுக்குப் போன் செய்தேன்.

"முதலாளி பேர்ல நாம எழுதாத நாள் உண்டா? நீ எழுதினதே எத்தனை."

"எழுதறோம் பெர்னி. மாட்டிக்கற மாதிரி எழுத மாட்டோம்."

"சரி, ஒண்ணு யோசி. 'அவருக்குத் தெரியாம'ன்னு நீ எழுத்துல குடுத்திருக்க. அப்ப ஊரே கொண்டாடற அந்த மன்னிப்பு டெரிக்கோடது இல்லன்னு ஆகுது. இந்தக் கடுதாசி நாளைக்குப் பத்திரிகை கைக்குப் போச்சுன்னா?"

கேண்டஸ் என் மாணவி, உடனே புரிந்துகொண்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். முறைப்படி கல்லூரியின் துறைத் தலைவர் முன்னால் எல்லோரும் உட்காரலாம். மேற்கோள் யாருடையது என்று அவர் கேட்பார். டெரிக் போனில் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன் என்று லோர்னா சொன்னால் போதும். புகாரே இல்லை. தேறினார் என்று மாற்றிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை.

அழகான ஏற்பாடு. இதைக் கூட்டத்துக்கு முன்னால் கல்லூரித் தாழ்வாரத்தில் லோர்னாவிடம் விளக்கினேன்.

"ஆனா அவர் சொல்லலையே" என்றாள்.

"சொன்னார்னு சொல்லு."

"பெர்னி, அது பொய்."

"எட்டு மாசம் உனக்கு என்ன சொல்லிக்குடுத்தேன்? ஒரே ஒரு வாக்கியம், லோர்னா. ஜனவரில வேல. அந்த ஜனங்க உனக்காக நாற்காலியக் காலியா வெச்சிருக்காங்க."

"ஸாரி."

"அந்த வார்த்தைய இன்னொரு தரம் என் காதுல போடாத" என்றேன். அவளுக்காகத்தான் அவ்வளவு கோபம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

சிறிய அறை. துறைத் தலைவர் நடுவில், கேண்டஸ் திறந்த நோட்டும் பேனாவுமாக ஒரு பக்கம், டெரிக் கோட்டைக் கழற்றாமல் அவள் பக்கத்தில். நானும் லோர்னாவும் எதிரே. துறைத் தலைவர் பத்திரிகை நறுக்கை மேஜையில் வைத்தார்.

"இது யாரோட வார்த்தைங்க?"

லோர்னா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். "எழுதினது நான்" என்றாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு. எல்லாம் போச்சு.

"அவர் எழுதச் சொன்னார், ஆனா இதச் சொல்லல. நான் எழுதினப்ப இது யாரும் சொன்னது இல்ல. அப்புறம் அவர் சொன்னார். என் வார்த்தைல இல்ல, அவர் வார்த்தைல. பதினோரு வாசல்ல சொன்னார். பக்கத்துல நின்னு கேட்டேன்."

கேண்டஸ் பெருமூச்சு விட்டாள். துறைத் தலைவர் டெரிக் பக்கம் திரும்பினார். "அச்சாகறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா? அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்."

தெரியும் என்று சொன்னால் முடிந்தது. கேண்டஸ் அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள். மேஜைக்கடியில் அவர் மடியில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் இருந்ததை நான் பார்த்தேன். டெரிக் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு நிதானமாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"தெரியாது" என்றார். "ஏன்னா நான் படிக்கல. என் பேர்ல போற ஒண்ண நான் படிச்சிருக்கணும். இத்தனை வருஷமா ஒண்ணையும் படிச்சதில்ல. எழுதுங்கன்னு சொன்னது நான், சரின்னு அனுப்பினதும் நான். அவங்கள மாட்டிவிட்டது தப்பு." லோர்னாவைப் பார்த்தார். "மன்னிச்சிடுங்க லோர்னா."

மக்கள் தொடர்பு படித்தவர்கள் மூன்று பேர் அங்கே இருந்தோம். அந்த வாக்கியத்தை எங்களில் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

"பரவால்ல, டெரிக்" என்றாள் லோர்னா.

துறைத் தலைவர் மதிப்பீட்டுத் தாளைக் கேண்டஸ் பக்கம் தள்ளினார், 'தேறினார்' என்று திருத்திக் கையெழுத்துப் போடுவதற்காக. கேண்டஸ் நிமிரவில்லை. பழக்க தோஷத்தில், டெரிக் சொன்னதை வார்த்தை விடாமல் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள்.